துணிச் சுவருக்கு வெளியே ஞாயிற்று வீதி

சில மாதங்களுக்கு முன் ஓமந்தையில், பொழுது சாய்ந்ததும் ஆட்கள் வீதியோரம் நின்று மேற்கே அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்கள். கோள்கள் எல்லாம் ஒரே வரிசைக்கு வருகின்றன என்று கைபேசிகளில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பலசரக்குக் கடை நிசார், தராசில் வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து என்னை மறித்தார்.

"சேர், நீங்க அந்த வானம் காட்டுற வேலையில இருந்த ஆள்தானே. பூமிக்கு ஏதும் நடக்குமோ?"

"வெங்காய விலை கூடும்."

"அது கோள் வராட்டியும் கூடும் சேர். மெய்யாக் கேக்கிறன்."

"ஒண்டும் நடக்காது. அவை பாட்டில போகினம்."

நிசாருக்கு அது போதவில்லை. ஏதாவது நடக்கும் என்று சொல்லியிருந்தால் ஒரு தேநீர் கிடைத்திருக்கும். நானும் நின்று பார்த்தேன். மேற்கே தாழ்வாகச் சனி, அதற்கு மேலே வெள்ளி, உச்சியில் வியாழன், கிழக்கே செவ்வாய். உடுப்புக் காயப்போட வானத்தின் குறுக்கே ஒரு கொடி கட்டிவிட்டதுபோல் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் படமெடுத்துப் பார்த்தார்கள். படத்தில் ஒன்றும் விழவில்லை என்று சலித்துக்கொண்டு கலைந்தார்கள். நான் வீட்டுக்கு நடந்தேன். அங்கே எனக்கு முன் விளக்குப் போட்டு வைக்க ஆளில்லை. அந்தக் கொடி என் கூரைக்கு மேலாலும் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் சுதர்சன் தொலைபேசி எடுத்தான். நான் விட்டு வந்த வேலையை இப்போது செய்பவன். அலுவலகத்துக்குப் புதுக் கருவி வந்துவிட்டது, ஒரு வில்லையும் ஒரு கணினியும்தான், விசையைத் தட்டினால் எந்த நாளின் வானமும் வரும் என்றான். பிறகு, "அண்ணை, எங்கட அலுவலக மலருக்கு உங்கட அனுபவத்தை ஒருக்கா எழுதித் தாங்கோ. ரெண்டு பக்கம் காணும்" என்றான்.

இரண்டு பக்கத்தில் அடங்கும் வாழ்க்கைதான் என்னுடையது. ஒரு நாள் மட்டும் அடங்காது. அந்த ஒரு நாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளனாகச் சேர்ந்தவன். யுத்தம் முடிந்து, வன்னிப் பள்ளிக்கூடங்கள் தறப்பாள் கொட்டகைகளில் மறுபடி மணி அடிக்கத் தொடங்கிய காலத்தில், எங்கள் அலுவலகத்துக்கு நடமாடும் கோளரங்கம் ஒன்று அன்பளிப்பாக வந்தது. அதைக் கொண்டுதிரிய ஓர் ஆள் தேவைப்பட்டது. குடும்பப் பொறுப்பு இல்லாதவன் என்று என்னைப் பிடித்தார்கள். கொழும்பில் சில வாரப் பயிற்சி. சொல்லித்தந்தவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் அரைகுறை. இருவரும் விரலால் நட்சத்திரங்களைக் காட்டிக் காட்டிக் கதைத்தோம். பயிற்சி அவ்வளவுதான். மிச்சத்தைப் பள்ளிக்கூடங்கள் பழக்கின.

புதிதாக வருபவர்கள் அந்தப் பழைய கருவியைக் கண்டிருக்க மாட்டார்கள். வெள்ளி நிறத் துணியால் ஒரு பெரிய கூடாரம். கம்பமில்லை, கயிறில்லை. காற்றுத்தான் அதைத் தூக்கி நிறுத்தும். முதலில் நிலத்தைக் கூட்டி முள்ளும் கல்லும் பொறுக்கவேண்டும். கண்ணிவெடி எடுத்த நிலம்தான் என்று அதிபர் வாயால் கேட்காமல் நான் விளக்குமாற்றைக் கையில் எடுப்பதில்லை. பிறகு தறப்பாள் விரித்து, அதன்மேல் துணியை விரித்து, மின்விசிறியை ஒரு பக்கத்தில் பூட்டி, தூரத்தில் மின்பிறப்பாக்கியை இயக்குவேன். துணி முதலில் பெருமூச்சு விடும். ஓரம் ஓரமாக அசையும். பிறகு நடுவில் முதுகு கிளம்பி, மெல்ல மெல்ல எழுந்து உருண்டு நிற்கும். "இட்டலி அவியுது, இட்டலி அவியுது" என்று பிள்ளைகள் கத்துவார்கள். எத்தனை பள்ளிக்கூடம் போனாலும் அதே கத்தல்.

உள்ளே போக ஒரு துணிக் குழாய். குனிந்து, முழங்காலில் தவழ்ந்து போகவேண்டும். உள்ளே போனால் கும்மிருட்டு. நடுவில் நான். என் முன்னால் துளைகள் இட்ட ஒரு உருளை, அதற்குள் சின்ன விளக்கு. துளை வழியே கசியும் ஒளி கூரையில் நட்சத்திரமாகும். உருளையைத் திருப்பினால் வானம் திரும்பும். உருளையைச் சுற்றிச் சாய்வாக ஒரு சிவப்புக் கோடு போகும். அதுதான் ஞாயிற்று வீதி, வருடம் முழுக்கச் சூரியன் நட்சத்திரங்களுக்கு ஊடாக நடந்துபோவதுபோல் நமக்குத் தெரிகிற வழி. நட்சத்திரங்கள் தங்கள் துளைகளிலேயே நிற்கும். கோள்கள் அலைபவை, அவற்றுக்குத் துளை போட முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி விளக்கு. அன்றைக்கு அது எங்கே நிற்கிறது என்று பார்த்து நான் கையால் மாட்டவேண்டும். மாட்டுவதற்கான பள்ளம் அந்தச் சிவப்புக் கோட்டின் இரு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குத்தான் இருந்தது. அதற்கு அப்பால் ஒரு கோளை மாட்ட நினைத்தாலும் மாட்ட முடியாது. செய்தவன் அதற்கு இடமே வைக்கவில்லை.

அந்த ஒரு விரல் அகலப் பள்ளத்தைத் தடவியபடிதான் என் வேலைக்காலம் போனது. கூரையில் வெள்ளியும் வியாழனும் தோளோடு தோள் நிற்பதுபோலத் தெரியும். ஒன்றின் சூடு மற்றதற்குத் தெரியாத தூரம் அது. ஒரே தளத்தில் ஓடுகிறார்கள், ஒரே சூரியனைச் சுற்றுகிறார்கள், ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை. சுற்றிவர நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடும் இருட்டில், நடுவில் உட்கார்ந்து இதை நான் நினைத்துக்கொள்வேன். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. வெளிச்சத்தில் நான் கருவியோடு மாரடித்துக்கொண்டிருப்பேன், இருட்டில் அவர்கள் குரலாக வருவார்கள், முடிந்ததும் தவழ்ந்து போய்விடுவார்கள்.

எனக்கு மேலே இருந்தவா பரமேஸ்வரி மிஸ். விஞ்ஞான பாடத்துக்கு உதவிக் கல்விப் பணிப்பாளர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கையில் எப்போதும் மடித்த குடை. யாரையும் "நீர்" என்றுதான் கதைப்பா. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை கண்ணை எடுக்கமாட்டா. பதில் பிழையென்றால் பிழை என்று சொல்லவும் மாட்டா. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பா. அந்தப் பார்வையில் அதிபர்களே தங்கள் பதிலைத் திருத்திக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

துணுக்காய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு நாள். அன்று கூடாரத்துக்குள், "எல்லாக் கோளும் வரிசையா நிக்கினம் பாருங்கோ" என்று சொல்லிவிட்டேன். மிஸ்ஸும் உள்ளே இருந்தா. மத்தியானம் அதிபரின் அறையில் சாப்பிட உட்கார்ந்தபோது, தன் தட்டையான சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளினா. சோற்றைக் குழைத்து ஒதுக்கிவிட்டு, காய்ந்த பக்கத்தில் அவித்த கடலையை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தா. நடுவில் ஒரு மிளகாய்ப்பொரியல் துண்டு.

"மிளகாய் சூரியன். கடலை வரிசையாவோ கிடக்கு?"

"இல்லை மிஸ். சிதறிக் கிடக்கு."

"நீர் எங்க நிண்டு பாக்கிறீர்?"

"மேல நிண்டு."

"மேல நிக்க நீர் ஆர்? நீரும் ஒரு கடலை. குனிஞ்சு கண்ணைக் கோப்பைக்கு நேராக் கொண்டுவாரும்."

குனிந்தேன். அதிபர் கையில் சோற்றுருண்டையோடு பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் கோப்பையின் விளிம்புக்கு வந்ததும், சிதறிக் கிடந்த கடலை எல்லாம் ஒரு கோட்டில் வந்து நின்றன.

"கோடாத் தெரியுதோ?"

"ஓம் மிஸ்."

"ஒருத்தரும் வரிசைக்கு வரேல்ல. அவையெல்லாம் ஒரே தட்டில ஓடினம். நாங்களும் அதே தட்டில இருந்து பாக்கிறபடியாக் கோடாத் தெரியுது. இதைச் சொல்லாமல் வரிசை எண்டு மட்டும் சொன்னீரெண்டால், நாளைக்கு ஆரும் வந்து வரிசை வருது, உலகம் அழியுது எண்டாலும் பிள்ளைகள் நம்புங்கள்."

"மிஸ், சோறு ஆறுது" என்றார் அதிபர்.

"ஆறட்டும்."

அவாவிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே தவழ்ந்து போனதும், வெயிலில் குனிந்து நின்று ஒவ்வொரு சோடியையும் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைப்பா. அவசரமாக வெளியே வந்தால் காலை நுழைத்துக்கொண்டு ஓடலாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. வன்னியில் அதை யாரும் கேட்கமாட்டார்கள். அதே கண்டிப்போடு ஒரு விதியும் வைத்திருந்தா. வகுப்பாசிரியர் உள்ளே வராமல் ஒரு வகுப்பையும் கூடாரத்துக்குள் விடக்கூடாது. இருட்டில் பிள்ளைகளுக்குத் தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் காரணம். நல்ல விதி.

அந்த விதிதான் யெனிற்றா ரீச்சரிடம் வந்து முட்டியது.

கொக்கிளாய்க்குப் போகும் வழியில் ஒரு கரையோரக் கிராமம். கத்தோலிக்க வேதக்காரர், கடலையும் அதையொட்டிய களப்பையும் நம்பிச் சீவிக்கிற சனம். கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளவுக்குள். யெனிற்றா அங்கே தொண்டராசிரியை. பல வருடமாக, பெயருக்கு ஒரு உதவிப்பணத்தோடு, நிரந்தர நியமனம் வரும் வரும் என்று படிப்பித்துக்கொண்டிருந்தவா. அந்த முறை தொண்டராசிரியர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று உறுதியாகியிருந்தது. விஞ்ஞானம் படிப்பிப்பவர்கள் பரமேஸ்வரி மிஸ்ஸின் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டவேண்டும். கோளரங்கம் வருகிற ஊர்களில் பாடம் கூடாரத்துக்குள். யெனிற்றாவுக்குக் கொடுத்த தலைப்பு ஞாயிற்று வீதியும் கோள்களின் ஒழுக்குகளும், அதாவது அவை சுற்றும் பாதைகளும். வயதெல்லை நெருங்கிவிட்டிருந்தது. இந்த முறை விட்டால் அடுத்த முறை என்று ஒன்று அவாவுக்கு இல்லை.

காலையில் நான் கூடாரத்தை நிமிர்த்தும்போது தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றா. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் குழாய்க்குள் ஒவ்வொருவராகத் தவழ்ந்தார்கள். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு அவா குனிந்தா. தலையும் தோளும் குழாய்க்குள் போயின. அதற்கு மேல் போகவில்லை. அப்படியே சில கணம். பிறகு பின்வாங்கி எழுந்து நின்றா. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"என்னால ஏலாது மிஸ்."

"கொஞ்சம் பொறுத்துப் போவம்."

"பொறுத்தாலும் ஏலாது. நேற்றைக்கே சொல்லியிருக்கவேணும். சொன்னால் பேரை வெட்டிப்போடுவினமெண்டு சொல்லேல்ல."

மிஸ் வழக்கம்போல் கண்ணை எடுக்காமல் பார்த்தா. யெனிற்றா அந்தப் பார்வைக்கு மசியவில்லை. கூடாரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னா.

"ஷெல்லடிக்கேக்க பங்கர்க் குழிக்க எல்லாரும் ஒண்டாப் போகக்கூடாதெண்டு அப்பா எப்பவும் சொல்லுறவர். ஒராள் வெளியில நிக்கவேணும். அண்டைக்கு எல்லாரும் போனனாங்கள். மண் சரிஞ்சு மூடேக்க, தோண்டி எடுக்க வெளியில ஒருத்தரும் நிக்கேல்ல."

நான் குழாய் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கிள்ளிச் சிரிப்பது கேட்டது.

மிஸ் குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினா. "விதியைப் போட்டது நான்தான்" என்றா. அதை எங்களுக்குச் சொன்னாவா தனக்குச் சொன்னாவா தெரியவில்லை. "வகுப்பு உள்ளுக்க இருக்கு. நீர் வெளியில. பாடத்தை என்னெண்டு நடத்துவீர்?"

"துணிதானே மிஸ். சத்தம் உள்ளுக்குக் கேக்கும்."

"வானம் உமக்குத் தெரியாது."

"பிள்ளைகளுக்குத் தெரியும். அவையைக் கேட்டுக் கேட்டுச் சொல்லுறன்."

மிஸ் குடையை மணலில் குத்தி வைத்தா. செருப்பைக் கழற்றி வெளிப்பக்கம் பார்க்க வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே தவழ்ந்தா. பின்னால் நான்.

விளக்கை அணைத்தேன். கண் பழகும்வரை வழக்கம்போல் பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொன்னேன். பிறகு நட்சத்திரங்களை ஏற்றினேன். அன்றைய மாலை வானம், மேற்கே வெள்ளி, அதற்கு மேலே வளர்பிறை, கிழக்குப் பக்கம் செவ்வாய். சிவப்புக் கோட்டையும் ஏற்றினேன். பிள்ளைகள் "ஆ" என்றார்கள். அந்த "ஆ" அடங்கும்போது, துணிக்கு அப்பால், என் இடது காதுப் பக்கத்தில் யெனிற்றாவின் குரல் வந்தது.

"வெள்ளி ஆருக்குத் தெரியுது?"

"எனக்கு மிஸ், எனக்கு."

"எல்லாரும் கத்தவேண்டாம். மேரி சொல்லு. செவ்வாய் எங்க நிக்குது?"

"றொபின்ர தலைக்கு நேர மேல மிஸ்."

"அப்ப றொபினை ஆடாமல் இருக்கச் சொல்லு. கோடு தெரியுதோ? கோட்டை விட்டுத் தள்ளி ஆரும் நிக்கினமோ?"

"இல்லை மிஸ். எல்லாம் கோட்டிலதான். நிலா மட்டும் கொஞ்சம் தள்ளி."

"எவ்வளவு தள்ளி?"

"கையை நீட்டிப் பிடிச்சா மூண்டு விரல், மிஸ்."

"நிலாவுக்கு அவ்வளவும் விடலாம். அது கொஞ்சம் சாய்ஞ்சு ஓடுற ஆள். சரி. இப்ப என்ர சத்தத்தைக் கவனியுங்கோ."

அவா நடக்கத் தொடங்கினா. மணலில் காலடி கேட்டது. குரல் இடப்பக்கத்திலிருந்து பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் போய், வலப்பக்கம் வந்து, என் முன்னால் வந்தது. இருட்டில் எல்லோரும் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள் என்று உடுப்பு உரசும் சத்தத்தில் தெரிந்தது.

"நடுவில இருக்கிற தவம் அண்ணைதான் சூரியன். சிரிக்காதேங்கோ. நான் ஒரு கோள். சூரியனைச் சுத்தி நடக்கிறன். என்ர சத்தம் எப்பவாவது உங்கட தலைக்கு மேலால கேட்டதோ?"

"இல்லை மிஸ்."

"நிலத்துக்குக் கீழால?"

ஒரே சிரிப்பு. "இல்லை மிஸ்."

"ஏன்?"

பிறகு ஒரு கட்டைக் குரல், அது றொபினாகத்தான் இருக்கவேண்டும். "நீங்கள் நிலத்திலதானே மிஸ் நடக்கிறீங்கள்."

"அவ்வளவுதான். நிலத்தை விட்டு எழும்பாமல் நடுவில இருக்கிறவரைச் சுத்தி நடக்கிறன். வெள்ளி கிட்டத்தில சுத்துது, செவ்வாய் தள்ளிச் சுத்துது, சனி இன்னும் தூர. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நிலம். அதைத்தான் தளம் எண்டுறது. நீங்கள் இருக்கிறதும் அதே நிலத்தில. அதே நிலத்தில இருந்து சுத்திவரப் பாத்தா எல்லாரும் ஒரே மட்டத்திலதான் தெரிவினம். அந்த மட்டந்தான் உங்களுக்குச் சிவப்புக் கோடாத் தெரியுது."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் அந்தக் கோட்டை விளங்கப்படுத்தி நான் கேட்டிருக்கிறேன். நானும் படாத பாடுபட்டிருக்கிறேன். கோள் ஒன்று தன் ஒழுக்கில் எங்களைச் சுற்றி நடந்து, தானே கதைத்து, தன் தளத்தைக் காட்டியது அன்றைக்குத்தான். பரமேஸ்வரி மிஸ்ஸின் பக்கத்திலிருந்து பேனையை மூடும் "டிக்" சத்தம் கேட்டது. எழுத வந்ததை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கிவிட்டா என்று நினைத்தேன்.

அப்போது கோயில் மணி அடித்தது.

மத்தியான மணி. அந்த ஊரில் அந்த மணி கேட்டால் எந்த வேலையையும் விட்டுவிட்டு எழுந்து நின்று திரிகாலச் செபம் சொல்வார்கள். வலை பின்னுபவர்கள்கூட ஊசியை வைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடக் காவலாளி சூசை ஐயா, செப நேரத்தில் இரைச்சல் கூடாது என்று தண்ணீர்ப் பம்பியை நாள்தோறும் அந்த மணிக்கு நிறுத்திவிடுகிறவர். அன்றைக்கு வளவில் இரைந்துகொண்டிருந்தது என் மின்பிறப்பாக்கி. அவர் பக்தியோடு போய் அதை நிறுத்திவிட்டார்.

நட்சத்திரங்கள் அணைந்தன. மின்விசிறியின் இரைச்சல் இறங்கி நின்றது. பிள்ளைகள் அதைக் கவனிக்கவே இல்லை. மணி கேட்டதும் பழக்கத்தில் இருட்டிலேயே எழுந்து நின்று செபத்தைத் தொடங்கிவிட்டார்கள். காற்று இல்லாத கூடாரம் தணியத் தொடங்கியது. அது மெதுவாகத்தான் இறங்கும், துணியும் பாரமில்லை, உட்கார்ந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இவர்களோ நின்றார்கள். உயரமான பிள்ளைகளின் தலையில் முதலில் துணி தொட்டது. ஒரு குரல் செபத்தின் நடுவில் அறுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு செபம் இல்லை, கத்தல் மட்டும். நான் கைவிளக்கைத் தேடினேன். குழாய் காற்றில்லாமல் சப்பையாகப் படிந்துபோயிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓரத்தைத் தூக்கவேண்டும். ஓரத்துக்கும் எனக்கும் நடுவில் பிள்ளைகள் நெரிந்துகொண்டிருந்தார்கள்.

"இருங்கோ, எல்லாரும் இருங்கோ" என்று மிஸ் சத்தம் போட்டா. அது அவர்களுக்குத் தெரியாத குரல்.

அந்த நேரம் வலப்பக்கம் வெளிச்சம் கிழிந்து வந்தது. துணியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு யெனிற்றா நின்றா. வெயில், மணல், கடல், எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன.

"வெளியில பாருங்கோ. என்னைப் பாருங்கோ. குனிஞ்சு வாங்கோ. தள்ளாதேங்கோ, மேரி முதல் வா."

கத்தல் நின்றது. வரிசையாக வந்தார்கள். எண்ணி எண்ணி வெளியே விட்டா. கடைசியில் மிஸ் குனிந்து வந்தா, கொண்டை அவிழ்ந்து, கஞ்சிச் சேலை முழுக்க மணல். நானும் வெளியே வந்த பிறகுதான் யெனிற்றா ஓரத்தைக் கீழே விட்டா.

சூசை ஐயா செபத்தை முடித்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டபடி வந்தார். "ஏன் எல்லாரும் வெளியில நிக்கிறியள்? முடிஞ்சுதோ?"

"ஐயா, மெசினை நிப்பாட்டினது நீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். மணி அடிச்சதெல்லே."

யாருக்குச் சிரிப்பு முதலில் வந்தது என்று தெரியாது. பிள்ளைகள் மணலில் விழுந்து சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. கொண்டையை முடிந்துகொண்டு யெனிற்றாவிடம் வந்து நின்றா.

"நீர் உள்ளுக்க இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்?"

யெனிற்றா யோசித்தா. "பிள்ளைகளோட எழும்பி நிண்டு செபம் சொல்லியிருப்பன் மிஸ்."

"ஓம்" என்றா மிஸ். கனநேரம் அவாவைப் பார்த்துக்கொண்டு நின்றா. "தவம், இனி எந்தப் பள்ளிக்கூடத்திலயும் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒராள் வெளியில நிக்காமல் இதை நடத்தக்கூடாது. யெனிற்றா, உம்மட பாடம் முடியேல்ல."

"எங்க மிஸ் முடிக்கிறது?"

"வானம் மேலதானே கிடக்கு."

யெனிற்றா பிள்ளைகளை மணலில் இருத்தினா. மிஸ்ஸும் அவர்களோடு சம்மணம் கொட்டி இருந்துவிட்டா. சூரியன் உச்சியில். கிழக்கே, கடலுக்குச் சற்று மேலே, கழுவிப்போட்ட துணித்துண்டுபோல வெளிறிய பகல் நிலா. அதை முதலில் கண்டவன் றொபின். யெனிற்றா ஒரு கையைச் சூரியன் பக்கமும் மறு கையை நிலாப் பக்கமும் நீட்டினா. "இந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் நடுவில இப்ப வெள்ளி நிக்குது. வெயிலுக்குத் தெரியாது. தெரியாட்டிலும் அந்த வழியிலதான் நிக்கும். பின்னேரம் உங்கட வீட்டு முத்தத்தில நிண்டு பாருங்கோ. நான் சொன்ன இடத்தில நிக்காட்டி நாளைக்கு வந்து என்னைப் பகிடி பண்ணுங்கோ."

மிஸ் எழுந்து சேலையைத் தட்டினா. "உம்மட பேரை நான் அனுப்புறன்" என்றா. அவா ஒரு பெயரை அனுப்பினால் அது திரும்பி வருவதில்லை என்று அந்தப் பகுதி ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். யெனிற்றாவுக்கும் தெரியும். நன்றி சொல்ல வாய் எடுத்தவா, கூடாரத்தைப் பார்த்தா.

"மிஸ், ஒண்டு கேக்கலாமோ? எனக்கு ஒருக்கா அதைப் பாக்கவேணும்."

பிள்ளைகள் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் கூடாரத்தை மறுபடி நிமிர்த்தினேன். சூசை ஐயாவை மின்பிறப்பாக்கிக்குப் பக்கத்திலேயே இருத்தினோம், இந்த முறை அது நிற்காமல் பார்த்துக்கொள்ள. யெனிற்றா மணலில் மல்லாந்து படுத்தா. துணியின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, கழுத்துவரை மட்டும் உள்ளே விட்டோம். உடம்பு முழுக்க வெயிலில். வெளிச்சம் புகாமல் கழுத்தைச் சுற்றி மிஸ் தன் துவாயைச் செருகினா. பிறகு பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, "கையைத் தாரும்" என்றா.

நான் உள்ளே போய் நடுவில் உட்கார்ந்தேன். அவ்வளவு பெரிய இருட்டில் நானும், ஓரத்தில் ஒரு முகமும். அவாவின் மூச்சு வேகமாகக் கேட்டது. கண் பழகட்டும் என்று சொன்னேன். அந்த வேலையில் நான் ஒரே ஒருவருக்காக வானத்தை ஏற்றியது அந்த ஒரு முறைதான். நட்சத்திரங்கள், பிறகு கோடு, பிறகு ஒவ்வொன்றாகக் கோள்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவாவின் மூச்சுச் சீரானது.

துணிக்கு வெளியிலிருந்து மிஸ்ஸின் குரல் வந்தது. "என்ன தெரியுது?"

அவா தலையைக் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்பினா.

"எல்லாரும் நிக்கினம் மிஸ்."

குரல் உடைந்திருந்தது. நான் உருளையைத் தொடாமல் இருந்தேன். பிறகு அவாவே கேட்டா.

"மிஸ், நிக்கிறீங்களோ?"

"வெளியில நான் நிக்கிறன்" என்றா பரமேஸ்வரி மிஸ். "நீர் ஆறுதலாப் பாரும்."